தளபதியின் கண் தேடிய தலைப்பாகை

குளுவாங் என்றதும் ரயில் நிலையக் காப்பியும் குனோங் லம்பாக்கும் நினைவுக்கு வரும். கூடவே ராணுவ முகாமும் வரும். இன்றைய போர் வீரரின் தலைக்கவசம் எதிரியின் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே பச்சையும் பழுப்புமாகச் செய்யப்படுகிறது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன், படையில் ஒருவர் மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டே ஆக வேண்டியிருந்தது. அவர்தான் குதிரைப்படையின் எக்காளம் ஊதுபவர்.

வானொலிக் கருவி இல்லாத காலம் அது. பீரங்கிப் புகையிலும் குளம்பொலியிலும் தளபதியின் குரல் பத்து அடி தாண்டாது. பாய்ந்து தாக்கு, திரும்பு, ஒன்றுகூடு என எல்லாக் கட்டளையும் எக்காளத்தின் வழியாகத்தான் போகும். ஆகவே அவரைத் தளபதி ஒரே பார்வையில் கண்டுபிடிக்க வேண்டும். நெப்போலியனின் காவல்படையில் கிரனேடியர் குதிரை வீரர்கள் கறுப்புக் கரடித்தோல் தொப்பி அணிந்தார்கள். அவர்களின் எக்காளக்காரர்களுக்கோ வெள்ளைத் தொப்பி. குதிரையும் வெள்ளை அல்லது சாம்பல் நிறம். தளபதிக்குத் தெரிந்த அந்த வெள்ளை, எதிரியின் துப்பாக்கிக்கும் தெரிந்தது. அழகான தொப்பிக்கு அதுதான் விலை.

குதிரையின் இருபுறமும் தொங்கும் இணை முரசுகளுக்கு வேறொரு கதை உண்டு. அரபு மொழியில் ‘நக்காரா’ எனப்பட்ட அந்த முரசுதான் நம் கோயில்களில் ‘நகரா’. மலாய் அரண்மனைகளின் நோபாட் இசைக்குழுவில் அதுவே ‘நெஹாரா’. துருக்கியரின் படை இசையைக் கேட்டு வியந்த ஐரோப்பிய அரசர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் அதே பாணியில் குழுக்களை அமைத்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்து, இறகு செருகிய தலைப்பாகையும் ஜரிகைச் சட்டையும் அணிவித்தார்கள். அவர்களில் அடிமை வாழ்விலிருந்து வந்தவர்களும் உண்டு. அந்தத் தலைப்பாகை அவர்கள் ஊர் வழக்கமும் அல்ல, அவர்கள் விருப்பமும் அல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தாக அவர்கள் தலையில் ஏற்றப்பட்டது அது.

சில வழக்கங்கள் இன்றும் இருக்கின்றன. பிரிட்டிஷ் அரச குதிரைப்படையின் இசைக்கலைஞர்கள், அரச விழாக்களில் தங்க ஜரிகை அங்கியோடு வெல்வெட் தொப்பி அணிகிறார்கள். முரசு அடிப்பவருக்கு இரண்டு கையும் வேலையாக இருப்பதால், கடிவாள வாரைக் காலில் பூட்டிக்கொண்டு குதிரையை நடத்துகிறார்.

இந்தியாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-ல் காசியில் தொடங்கிய மெய்க்காவல் படைதான் இன்று குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை. நீலமும் தங்கமும் கலந்த தலைப்பாகை அதன் அடையாளம். 1923-ல் படைக்கு 150 ஆண்டு நிறைந்தபோது, வைஸ்ராய் ரீடிங் பிரபு வெள்ளி எக்காளம் வழங்கினார். வீரர்கள் எல்லாம் செம்பழுப்புக் குதிரையில் வர, எக்காளக்காரர் மட்டும் சாம்பல் நிறக் குதிரையில் வருவார். போர்க்களத் தேவை போய்விட்டது. ஆனால் இசைப்பவரைத் தனித்துக் காட்டும் மரபு போகவில்லை.

நமக்கும் இது புதிதல்ல. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊர்வலத்தில் முரசு சுமந்து முன்னால் நடக்கும் டங்கா மாட்டை அலங்கரித்துத்தான் அனுப்புகிறார்கள். சுவாமி வருகிறார் என்று முதலில் சொல்வது அந்த முரசுதான்.

இன்று பல கோயில்களில் முரசையும் மணியையும் மின்விசை இயந்திரம் அடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். அதற்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், மரியாதையும் வேண்டாம். திருவிழா நாளில் நன்கொடையாளருக்கும் பிரமுகருக்கும் தலையில் பரிவட்டம் கட்டுகிறோம். விடியற்காலையிலிருந்து நின்று வாசித்த நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் எத்தனை கோயில்களில் கட்டுகிறோம்? போர்க்களத்தில் கூட வாத்தியக்காரரின் தலை தனித்துத் தெரிந்தது. கோயில் நிர்வாகங்கள் அடுத்த திருவிழாவுக்கு ஒரு பரிவட்டம் கூடுதலாக வாங்கி வைத்தால் என்ன?