ஆறு நிமிஷ நடை

மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகிறீர்கள். பாதிப் படி ஏறுவதற்குள் மூச்சு முட்டுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறீர்கள். "உடம்பு போட்டுவிட்டது" என்கிறார் கணவர். "ரத்தம் குறைச்சல், கீரை சாப்பிடு" என்கிறார் மாமியார். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு, இந்த மூச்சுத் திணறலுக்குப் பின்னால் நுரையீரல் ரத்தக் கொதிப்பு என்ற நோய் ஒளிந்திருப்பதுண்டு.

"எனக்குத்தான் ரத்தக் கொதிப்பே கிடையாதே! போன வாரம்தானே டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்த்தார்?" என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கையில் கட்டும் பட்டை, இருதயத்தின் இடப்புறத்திலிருந்து உடம்பெங்கும் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை மட்டுமே காட்டும். வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்களுக்குக் கணக்கே வேறு. ஓய்வாக இருக்கும்போது அங்கே சராசரி அழுத்தம் 14 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். 20-ஐத் தாண்டினால் நோய் என்று 2018-ல் நிபுணர்கள் வரையறுத்தார்கள்.

அந்தக் குழாய்கள் குறுகித் தடித்துவிட்டால், ரத்தத்தைத் தள்ள இருதயத்தின் வலப்புறம் படாத பாடு படுகிறது. உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துவிடும். படியேறும்போது உடம்பு இன்னும் அதிக ரத்தம் கேட்கிறது, கொடுக்க முடிவதில்லை. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, சிலர் மயங்கியே விழுந்துவிடுகிறார்கள்.

குழாயில் ஊதச் சொல்லும் பரிசோதனையில், இவர்களில் பலருக்குக் காற்று ஏறக்குறைய சரியாகவே போய்வரும். வாசலில் சாமான் வந்து இறங்கிவிட்டது. உள்ளே எடுத்துப் போகத்தான் ஆள் போதவில்லை! பிராணவாயுவைச் சுமந்து செல்லப் போதிய ரத்தம் வந்து சேர்வதில்லை.

ஆகவே டாக்டர்கள் நோயாளியை நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் போய்ப்போய்த் திரும்ப வேண்டும். களைத்தால் நிற்கலாம். மொத்தம் எத்தனை மீட்டர் நடந்தார் என்பதே நோயின் கடுமைக்கு ஓர் அளவுகோல். மருந்து கேட்கிறதா என்று அறியவும் இதே நடைதான்.

இந்த நோய் வந்தவர்களை, "அசையாதே, அலட்டிக்கொள்ளாதே" என்று உட்கார்த்தி வைப்பதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகர டாக்டர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். மருந்து சாப்பிட்டு வந்த 30 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலும் பிறகு பன்னிரண்டு வாரம் வீட்டிலும் இலேசான சைக்கிள் மிதிப்பு, நடை, மூச்சுப் பயிற்சி. 2006-ல் முடிவு வெளியாயிற்று. பயிற்சி செய்தவர்கள் ஆறு நிமிஷத்தில் சராசரி 96 மீட்டர் அதிகம் நடந்தார்கள். செய்யாதவர்களுக்கோ 15 மீட்டர் குறைந்திருந்தது!

நுரையீரல் குழாயின் அழுத்தம் சொல்லும்படியாகக் குறைந்துவிடவில்லை. ஆனாலும் நடக்கும் தெம்பு வந்தது. குளியலறைக்குப் போய்வருவதே பிரயாணமாக இருப்பவருக்கு 96 மீட்டர் என்பது சாமானியமா?

ஓர் எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே பயிற்சியில் இறங்கக் கூடாது. அங்கே நாடித்துடிப்பையும் பிராணவாயுவையும் கவனித்துக்கொண்டே செய்வித்தார்கள். மேலும், இந்த நோயுள்ள பெண்களுக்குக் கர்ப்பம் பேராபத்து. டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

சென்ற வருஷம் நிற்காமல் ஏறிய மாடிப்படியில் இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்? கணக்கு ஏறிக்கொண்டே போனால், கீரையோடு நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் அந்தக் கணக்கைச் சொல்லி, "இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முதல் துப்பு பெரும்பாலும் அதில்தான் கிடைக்கிறது.