‘ஹி வோஸ் மிஸ்ஸிங்’ என்று எழுதலாமா?

காணாமற்போன தன் கணவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றைச் சரிபார்த்துத் தரும்படி அண்மையில் சகோதரி ஒருவர் கொண்டுவந்திருந்தார். அகராதியைப் பார்த்துத் தானே எழுதியது. எழுத்துப்பிழைகள் மிகக் குறைவு. ஆனால், ‘ஹி வோஸ் மிஸ்ஸிங்’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

‘காணாமற் போனார்’ என்பது தமிழில் இறந்தகாலம். ஆகவே ‘வோஸ்’ போட்டிருந்தார். ஆங்கிலத்தில் இதை வாசிப்பவர், ஒரு காலம் காணாமல் இருந்தார், பின்னர் கிடைத்துவிட்டார் என்றும் விளங்கிக்கொள்ளக்கூடும். இன்னும் வரவில்லை என்பதைச் சொல்ல, ‘ஹி ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009’ என்றே எழுதவேண்டும். அன்று தொடங்கியது இன்றும் முடியவில்லை என்பதைத்தான் ‘ஹாஸ் பீன்’ சொல்கிறது.

இதில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. ‘2010 முதல் இங்கே இருக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதே பழக்கத்தில் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010’ என்று எழுதுவது பலரும் விடும் பிழை. ‘ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர்’ என்பதே சரி. தொடங்கிய நாளையோ ஆண்டையோ சொன்னால் ‘சின்ஸ்’. எத்தனை வருடம் என்று சொன்னால் ‘ஃபோர்’.

நடந்து முடிந்த சம்பவத்துக்குத் திகதி கொடுக்கும்போது சாதாரண இறந்தகாலம் போதும். ‘வீ லெஃப்ற் ஜஃப்னா இன் ஒக்டோபர் 1995’ என்றால் அந்த மாதம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினோம். ‘ஐ லாஸ்ற் ஸோ ஹிம் ஒன் 17 மே 2009’ என்றால் அன்றுதான் அவரைக் கடைசியாகக் கண்டேன். இவற்றில் ‘ஹாவ்’ சேர்க்கக்கூடாது. ஆனால் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் மீண்டும் ‘ஐ ஹாவ் பீன் சேர்ச்சிங் ஃபோர் ஹிம் சின்ஸ் தென்’.

கடிதத்தின் முதல் வரியிலும் ஒரு ‘வோஸ்’ இருந்தது: ‘ஹிஸ் நேம் வோஸ்’. இப்படியான கடிதத்தில் அப்படி எழுதினால் அவர் இறந்துவிட்டார் என்று விளங்கிக்கொள்ளக்கூடும் என்றேன். சகோதரி பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டு, ‘இஸ்’ என்று எழுதினார். பிறகு, “அப்ப தொழிலுக்கு என்ன போடுறது அக்கா? இப்ப கடலுக்குப் போறாரோ எண்டு எனக்குத் தெரியாதே” என்று கேட்டார்.

‘ஹி வேர்க்ட் அஸ் எ ஃபிஷர்மன் அன்ரில் 2009’ என்று எழுதினோம். 2009 வரை மீன்பிடித் தொழில் செய்தார். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.