பழைய துப்பாக்கிக்குப் புதுப் பூச்சு

சிங்கர் தையல் யந்திரத்தை அறியாத வீடு நம் நாட்டில் அருமை. அக்கம்பெனியார் ஒரு சமயம் கைத்துப்பாக்கியும் செய்தனர் என்பதை அறிந்தவர் சிலரே. ஜான் பிரௌனிங் என்பார் வகுத்து, அமெரிக்கச் சேனை 1911-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் சிங்கர் செய்து கொடுத்தவை 500 மட்டுமே. இத்தகைய பழைய துப்பாக்கி ஒன்று அமெரிக்கர் ஒருவருக்குப் பாட்டனார் வழியாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கங்கே துரு, நிறமும் மங்கிவிட்டது. அதைப் புதுப்பிக்கலாமா?

இரும்பைக் காக்கும் முறைகளில் பழையது நீலமேற்றுதல். இரும்பின் மேற்பரப்பைத் தானே கருநீல ஆக்ஸைடாக மாறச் செய்வது இது. துருவின் உறவினனைக் கொண்டே துருவைத் தடுக்கும் தந்திரம் எனலாம். ஆயினும் கை வியர்வைக்கு அது நெடுநாள் தாங்குவதில்லை. யுத்தத்தின்போது பெரும்பாலான துப்பாக்கிகளைச் சூடான பாஸ்பேட் கரைசலில் அமிழ்த்தினார்கள். சாம்பல் நிறமான அப்படலம் எண்ணெயை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். தில்லி இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகள் அழியாமல் நிற்பதற்கும் அதன் மேல் தானே படிந்த ஒருவகை பாஸ்பேட் படலமே காரணம் என்று நம் விஞ்ஞானிகள் ஆராய்ந்து கூறியிருப்பதை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

இன்றைய முறை பீங்கான் துகள் கலந்த பூச்சு. குண்டுகளை அகற்றித் துப்பாக்கியைப் பிரித்து, எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் கழுவுகிறார்கள். குழலின் உட்புறத்தை அடைத்துவிட்டு, அலுமினிய ஆக்ஸைடுப் பொடியைக் காற்றின் வேகத்தால் வீசிப் பழைய பூச்சு முழுவதையும் நீக்குகிறார்கள். அதன்பின் விரல் கூடப் படலாகாது. பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. மெல்லியதாகத் தெளித்து, ஏறக்குறைய 250 பாரன்ஹீட் டிகிரி உஷ்ணத்தில் இரண்டு மணி நேரம் சுடவேண்டும். (சமையல் அடுப்பை இதற்கு உபயோகித்தல் கூடாது.) இவ்விதம் அமைந்த பூச்சு உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் எளிதில் அசையாது.

நமக்குத் தடையாகத் தோன்றுவது அந்தப் பொடி வீச்சுத்தான். துருவோடு தொழிற்சாலையின் ஆதிப் பூச்சும் போய்விடுகிறது. பரிசோதகர் பொறித்த சிறு எழுத்துக்களும் மழுங்கக்கூடும். போனதை எவராலும் மீட்க இயலாது. பழுதுபடாத சிங்கர் துப்பாக்கி லட்சம் டாலருக்கு மேலும் விலை போயிருக்கிறது, மெருகிட்டதற்கு அம்மதிப்பில்லை. விலை கிடக்கட்டும், பாட்டனார் கை தேய்த்த தேய்வு அல்லவா அழிகிறது!

ஆதலால், முன்பே எவரோ பூச்சைச் சுரண்டிக் கெடுத்துவிட்டதும், நாள்தோறும் பயிற்சிக்கு உதவுவதுமான துப்பாக்கிக்குப் புதுப் பூச்சு தகும் என்போம். யுத்தகாலத்துப் பொருளுக்கு மென்துணியும் சில துளி எண்ணெயுமே போதும். அதைத் தோலுறையில் இட்டு வைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். தோல் ஈரத்தை இழுத்து, இரும்பை உள்ளிருந்தே அரித்துவிடும்.