எல்லாப் பெட்டிக்கும் ஒரே ரிமோட்

டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு ஒன்று. நாலையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கடைக்குப் போனால், நூறு ரூபாய் சொச்சத்தில் தொடங்கி ஆயிரக்கணக்கு வரை யுனிவர்சல் ரிமோட்டுகள் தொங்குகின்றன. எல்லா அட்டையிலும் ‘எல்லா டிவிக்கும் பொருந்தும்’ என்றே போட்டிருக்கிறது. எதை எடுப்பது?

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். செல்போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, பழைய ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுக்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். (பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியை வடிகட்டிவிடுவார்கள்; அதனால்தான் செல்ஃபி கேமரா.) ஃபயர் டிவி ஸ்டிக்கின் புது ரிமோட்டை இப்படிப் பிடித்தால் வேடிக்கை தெரியும். டிவியின் ஒலியைக் கூட்டும் பொத்தானுக்குப் புள்ளி மினுக்கும். அம்புக்குறிப் பொத்தான்களுக்கு ஒன்றுமே தெரியாது. அவை ப்ளூடூத்தில் போகின்றன. அகச்சிவப்பு மட்டுமே உள்ள யுனிவர்சல் ரிமோட் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஸ்டிக்கிடம் நேரடியாகப் பேசாது.

அகச்சிவப்பு ரிமோட்டின் நுனியிலுள்ள எல்இடி உமிழ்வது பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீள ஒளி. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, குண்டு பல்பிலும் உண்டு. அந்தக் கூச்சலில் ரிமோட்டின் குரல் தனியாகக் கேட்பதற்காக, எல்இடியை விநாடிக்கு 38,000 முறை போல மினுக்கச் செய்கிறார்கள். டிவியிலுள்ள உணரி அந்த அதிர்வெண்ணை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. பரவலாகப் புழங்கும் என்இசி முறையில், முதலில் 9 மில்லி விநாடி மினுக்கல், பிறகு 4.5 மில்லி விநாடி மௌனம், அதன்பின் 32 பிட்டுகள். எந்தக் கருவிக்கு, என்ன கட்டளை என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் எல்லாரும் இதையே பின்பற்றவில்லை. பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36,000 முறை மினுக்குகிறது, சோனி 40,000.

மலிவான ரிமோட்டுகளில் பிரபல கம்பெனிகளின் குறியீடுகள் மட்டும் ஏற்கெனவே பதிந்திருக்கும். பட்டியலைப் பார்த்து எண்ணை அடித்தால் வேலை முடிந்தது. உள்ளூரில் கோத்து விற்ற டிவியோ கேபிள்காரர் கொடுத்த பாக்ஸோ பட்டியலில் இல்லையென்றால், ‘கற்கும்’ ரிமோட்தான் வழி. ஆப்பிளை விட்டு வெளியே வந்த ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-இல் ‘கோர்’ என்ற பெயரில் விற்றது இந்த வகையைத்தான். பழையதையும் புதியதையும் எதிரெதிரே வைத்து, புதியதில் ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுத்து, பழையதில் அதற்கு இணையான பொத்தானை அழுத்தினால், மினுக்கலை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். பழைய ரிமோட் உடைந்து தூக்கிப்போட்ட பிறகு இதை வாங்கிப் பயனில்லை.

மனப்பாடத்துக்கே உரிய கோளாறும் இதில் உண்டு. ஆர்சி-5 முறையில், பொத்தானை ஒவ்வொரு முறை புதிதாக அழுத்தும்போதும் ஒரு பிட் மாறும். விடாமல் அழுத்துகிறோமா, விட்டு அழுத்துகிறோமா என்பதை டிவி அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஒரே மினுக்கலைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் ரிமோட்டில் 11-ஆம் சேனலுக்கு இரண்டு முறை ஒன்றை அழுத்தினால், டிவி ஒரு முறைதான் கேட்டது என்று நினைத்துக்கொள்ளும். நல்ல மாடல்கள் முறையையே அடையாளம் கண்டு அந்தப் பிட்டைத் தாமே மாற்றிக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல், அகச்சிவப்பு ரிமோட் பேசும், கேட்காது என்பது. தபால்பெட்டியில் கார்டு போடுவதுபோலத்தான். போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பல டிவிகளில் பவர் பொத்தான் ஒன்றே. எரிந்தால் அணைக்கும், அணைந்திருந்தால் எரியவிடும். ‘படம் பார்க்க’ என்று ஒரே பொத்தானில் மூன்று கருவிகளையும் போட முயன்று, நடுவில் யாராவது குறுக்கே நின்றுவிட்டால், டிவி அணைந்தும் சவுண்ட்பார் எரிந்தும் கிடக்கும். லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட்டுகள் கருவிகளின் நிலையைத் தாமே நினைவில் வைத்து, தப்பினால் உதவிப் பொத்தான் மூலம் ‘டிவி எரிகிறதா?’ என்று நம்மையே கேட்டன. அருமையான ஏற்பாடு. ஆனால் அமைப்பதற்குக் கம்பெனியின் சர்வர் வேண்டும். 2021-இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். இணையத்தை நம்பியிருக்கும் விலையுயர்ந்த மாடல்களை யோசித்து வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆன் செய்ய ஒரு குறியீடு, ஆஃப் செய்ய வேறொன்று என்று தனித்தனியே அனுப்பும் மாடல் உங்கள் டிவிக்குக் கிடைத்தால் அதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம்.

பல வீடுகளில் வாங்கவே வேண்டியிருக்காது. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் சிஇசி என்றொரு தனிக் கம்பி உண்டு. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று அமைப்புகளில் ஒளிந்திருக்கும். அதை இயக்கிவிட்டால் டிவி ரிமோட்டிலேயே ஃபயர் ஸ்டிக்கும் சவுண்ட்பாரும் கட்டுப்படும். செட்டாப் பாக்ஸ் எல்லாமே இதற்கு மசிவதில்லை. அதற்கும், பாக்ஸோடு வந்த ரிமோட்டைப் புரட்டிப் பாருங்கள். டிவியின் பவரையும் ஒலியையும் கற்றுக்கொள்ளும் பொத்தான்கள் பலவற்றில் இருக்கின்றன.

ஏசியையும் இதில் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், முறை எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புகிறது. 24 டிகிரியில் கற்பித்த பொத்தான் எப்போதும் 24-ஐத்தான் கேட்கும். அதற்கென்று விற்கும் ஏசி ரிமோட்டைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.