பழுகாமத்துக் கூரைக்கு யார் கடன் தருவார்?

மட்டக்களப்பில் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குள் இறங்கினால் பழுகாமம், போரதீவு, வெல்லாவெளி என்று வயல்வெளி நீள்கிறது. வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அதே படுவான்கரையில், வவுணதீவில், 10 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றும் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வழி கிடைத்திருக்கிறது. சிறியவர்களின் கதை வேறு.

2016இல் தொடங்கிய கூரைச் சூரிய மின்திட்டம் வீட்டுக்காரரை மின் உற்பத்தியாளர் ஆக்கியது. ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு. முதல் 7 ஆண்டு அலகுக்கு 22 ரூபா, மிகுதி 13 ஆண்டு 15.50 ரூபா. சம்பளச் சீட்டு உள்ளவர்களும், மாதம் பெரிய பில் கட்டிய கடைக்காரர்களும் முந்திக்கொள்ள வசதியான திட்டம் அது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் வரிசையின் கடைசியில் நிற்பவர்களைப் பற்றியது.

பழுகாமத்து வேளாண்மைக் குடும்பத்துக்குக் காசு வருவது மாரி வெட்டு முடியும் மாசி, பங்குனியில். உழவுக் கூலி, உரக் கடன், அடகு வைத்த நகை எல்லாவற்றையும் தீர்த்த பிறகு மிஞ்சுவதில் அடுத்த வெட்டுவரை ஓட்ட வேண்டும். சோலார் கடனோ மாதாமாதம் தவணை கேட்கும்; நிரந்தர வருமானம் காட்டு, பிணைக்கு ஆள் கொண்டுவா என்று சொல்லும். வெட்டுக்கு வெட்டு மட்டுமே காசு பார்க்கும் குடும்பம் இதற்கு என்ன செய்யும்?

நாலு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி ஓடும் வீட்டின் பில் சிறிது. பில்லில் மிச்சம் பிடித்துக் கடன் தீராது. மின்சாரத்தை விற்றுத்தான் தீர்க்க வேண்டும். விற்கும் விலையும் இறங்கிவிட்டது. 2024 நடுவில் 27 ரூபா. 2025இல் 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட புதிய இணைப்புகளுக்கு 20.90 ரூபா. 2016இன் 22 ரூபாவுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றலாம். அன்று டொலர் 150 ரூபாவுக்குள் இருந்தது, இன்று 300 அளவில் நிற்கிறது. தகடும் இன்வேட்டரும் டொலரில்தான் வருகின்றன.

தகட்டின் உலக விலை விழுந்துவிட்டது, மதியத்தில் தேவைக்கு மேல் மின்சாரம் சேர்ந்தால் மொத்த மின்வலையமைப்பும் தடுமாறும் என்று பொறியியலாளர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி கேட்கப்பட்டதே, அந்த நாட்களுக்கு வங்கி வட்டியை நிறுத்தியதா? வசதியுள்ளவர் தாங்கிக்கொள்வார். நகை அடகு வைத்துத் தகடு பூட்டியவர் தாங்குவாரா?

மின்மாற்றியின் கதை இதைவிட மோசம். ஒரு மின்மாற்றி இவ்வளவு சூரிய மின்சாரத்தைத்தான் ஏற்கும் என்று ஓர் எல்லை உண்டு. முந்தியவர்கள் அதை நிரப்பிவிட்டால், பிந்தி வருபவர் கடனுக்கு அலைந்து கையெழுத்தெல்லாம் வாங்கிய பிறகும் இணைப்புக்கு இடமிருக்காது.

ஏன் ஒவ்வொரு கூரையாகவே யோசிக்கிறோம்? கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் அதை நிறுத்தி, ஊர்த் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை விற்றது. நம் நாட்டிலும் சப்ரகமுவ மலைக் கிராமங்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து ஓடைநீரில் மின்சாரம் எடுத்தன. மானியமும் உலக வங்கிக் கடனும் அதற்குத் துணை நின்றன. அரசின் மின்கம்பி ஊருக்குள் வந்ததும் பல நிலையங்கள் கைவிடப்பட்டது பெரிய இழப்பு.

கோவில் சடங்குகளைக் குடிமுறைப்படி பங்கிட்டு நடத்தும் மட்டக்களப்பு ஊர்களுக்குக் கூட்டுப் பொறுப்பு புதிதல்ல. பொதுமண்டபத்துக் கூரையும் சங்கக் கட்டடத்துக் கூரையும் ஊருக்கு உண்டு. மின்கலத்தில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் தருபவருக்கு அலகுக்கு 45.80 ரூபா என்று 2025இல் ஒரு விலை அறிவிக்கப்பட்டது. தனி வீட்டால் மின்கலம் வாங்க முடியாது, அந்தக் கூரைகளில் தகடு பூட்டும் ஊர்ச் சங்கத்தால் முடியும். மின்மாற்றியில் சங்கங்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, மாதத் தவணைக்குப் பதில் போகத்துக்கு ஒரு தவணை என்று கடன் விதியில் ஒரு வரி சேர்த்தால், பழுகாமத்துக் கமக்காரர்கள் வருகிற மாரி வெட்டுக்கு முன்னமே விண்ணப்பம் எழுதிவிடுவார்கள்.