மஞ்சள் விளக்கு சொல்லும் இரண்டு செய்திகள்

லண்டனில் அக்டோபர் கடைசியில் குளிர் திடீரென்று இறங்கும். முதல் கடுங்குளிர் இரவுக்கு மறுநாள் விடியுமுன், சவுத்தால் பக்கமுள்ள வெஸ்டர்ன் இன்டர்நேஷனல் சந்தைக்கோ, லெய்ட்டனிலுள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கோ காய்கறி எடுக்கக் கிளம்பும் கடைக்காரர் பிக்கப்பில் சாவியைத் திருப்புகிறார். முகப்பில் மஞ்சளாக ஒரு லாட வடிவம், நடுவே ஆச்சரியக்குறி. டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு. நேற்று வரை இல்லை. டயரில் ஆணியும் குத்தவில்லை. பிறகு ஏன் எரிகிறது?

விடை பள்ளிக்கூட இயற்பியலில் இருக்கிறது. அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தமும் இறங்கும். 20 டிகிரி செல்சியஸில் 35 பிஎஸ்ஐ அடித்த டயர், 0 டிகிரியில் ஏறக்குறைய 31.5தான் காட்டும். துளிக் காற்றும் வெளியேறாமலே மூன்றரை போய்விட்டது. அதோடு ரப்பர் வழியாகவும் காற்று மெல்லக் கசிகிறது, மாதத்துக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ. ஐரோப்பிய விதிப்படி அழுத்தம் சுமார் 20 விழுக்காடு இறங்கினால் விளக்கு எரிய வேண்டும். 35க்கு அந்த எல்லை 28. ஜூனில் காற்றடித்துவிட்டு அக்டோபர் வரை மறந்திருந்தால், நான்கு மாதக் கசிவும் ஒரு குளிர் இரவும் சேர்ந்து டயரை அந்த எல்லைக்குக் கீழே இறக்கிவிடும்.

இதற்கு மருந்து காற்றுதான். வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து அடிக்க வேண்டும். பிக்கப்புக்கு அதில் இரண்டு கணக்கு இருக்கும்: வெறும் வண்டிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. பின் டயர்களில் இந்த வித்தியாசம் பெரிது. மூட்டை ஏற்றுகிறவர் வெறும் வண்டிக்கான அளவிலேயே ஓட்டினால் விளக்கு எரியாமலும் இருக்கலாம். ஆனால் டயர் பாரம் தாங்காமல் நசுங்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் காற்றுக்கே காசு வாங்கும் ஊரில், சொந்தமாக ஓர் அழுத்தமானியும் சிறு பம்பும் வாங்கி வைப்பது வீண் செலவே அல்ல.

காற்றடித்தும் விளக்கு அணையவில்லை என்றால், அது எரியும் விதத்தைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் அழுத்தம் குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக நின்றால், பெரும்பாலான வண்டிகளில் அது வேறு செய்தி: டயரைக் கண்காணிக்கும் அமைப்பே பழுது. இந்த வேறுபாடு தெரியாமல் நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

சில வண்டிகளில் டயருக்குள் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் கருவியே இங்கும் உழைக்கிறது. காற்று இறங்கிய டயரின் உருளும் ஆரம் கொஞ்சம் குறைவதால், அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். கணினி அதை வைத்தே கண்டுபிடித்துவிடும். இந்த வகையில் காற்றைச் சரிசெய்து, வண்டிக் கையேட்டில் சொன்னபடி மறுஅமைப்பு செய்தால் போதும். செலவே இல்லை.

மற்ற வகையில் ஒவ்வொரு வால்வின் அடியிலும், டயருக்குள்ளே, ஒரு சென்சார் உட்கார்ந்து ரேடியோ அலையில் அழுத்தத்தைச் சொல்லும். அதன் வாழ்க்கை கடினமானது. மணிக்கு 70 மைலில் பிக்கப் சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கிட்டால், ரிம்மின் ஓரத்தில் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 140 மடங்கு முடுக்கம் வருகிறது. 30 கிராம் சென்சார் அந்த நேரத்தில் நான்கு கிலோவுக்கு மேல் இழுக்கும். அதனால்தான் அதன் லித்தியம் பேட்டரியைப் பிசினில் புதைத்து மூடியிருக்கிறார்கள். கழற்றி மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

லண்டனில் இப்போது இது பலரைத் தொடும் விஷயம். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் மாசுக் கட்டண வளையம் நகரின் எல்லாப் பகுதிக்கும் விரிந்தது. விதிக்கு உட்படாத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. டீசல் வேன், பிக்கப் என்றால் யூரோ 6 தரம் வேண்டும்; பொதுவாக 2016 செப்டம்பருக்குப் பின் பதிவானவை. கைக்கு அடக்கமான விலையில் தேடியவருக்குக் கிடைத்தது அந்த எல்லையை ஒட்டிய வண்டிதான். அதில் கம்பெனி பொருத்திய சென்சார் இருந்தால், அதன் ஆயுள் முடியும் வயது இது.

சிக்கனத்துக்கு வழி உண்டு. கையடக்கக் கருவியால் சென்சார்களை எழுப்பிப் படித்து, செத்தது எது என்று முதலில் கண்டறியச் சொல்லுங்கள். எல்லா வண்டிக்கும் எழுதிக்கொள்ளக்கூடிய பொதுச் சென்சார் கம்பெனிச் சென்சாரைவிட மலிவு. பழைய சென்சாரின் அடையாள எண்ணையே அதில் எழுதிவிட்டால், வண்டிக்குப் புதிதாக அறிமுகம் செய்யும் வேலையும் மிச்சம். பழையது செத்திருந்தாலும் எண் அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும். அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும்: ஐரோப்பிய வண்டிக்கு 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலிருந்து இறக்கிய பிக்கப்பில் பெரும்பாலும் 315. எப்படியும் டயர் மாற்றப்போகிறோம் என்றால் அன்றைக்கே சென்சாரையும் மாற்றுவது நல்லது. டயரைக் கழற்றிப் பூட்டும் கூலி ஒரு தடவையோடு போகும்.

விளக்கின் மேல் டேப் ஒட்டுவதும், நான்கு சென்சாரையும் காற்றடைத்த பிளாஸ்டிக் குழாயில் போட்டுப் பின்னால் வைப்பதும் சிலர் செய்யும் வேலை. செய்யாதீர்கள். 2012 ஜனவரி 1 முதல் ஓடத் தொடங்கிய காரில் இந்த அமைப்பு பழுதென்று விளக்கு காட்டினால் எம்ஓடி ஆண்டுச் சோதனையில் தேறாது. அதைவிடப் பெரிய காரணம் டயருக்குள் இருக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சுடுவது போல, காற்றிறங்கிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். லோடும் வேகமும் சேர்ந்தால் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையொட்டியே 2000இல் அங்கு சட்டம் வந்தது. இந்த விளக்கு கட்டாயமானது அதனால்தான். விபத்துகள் கற்றுக்கொடுத்த கருவியை ஒரு துண்டு டேப்பால் வாயடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

  

இந்தக் குளிர்காலத்துக்கு இன்னொன்று. லண்டன் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். பல சென்சார்களின் வால்வுத் தண்டு அலுமினியம். அதில் பித்தளை மூடியோ பித்தளை ஊசியோ சேர்ந்து உப்புநீரும் பட்டால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். ஒருநாள் மூடியைத் திருகும்போது தண்டே முறியும். நல்ல சென்சார் வீணாகும். இதைத் தவிர்க்க வால்வுக்குள் நிக்கல் பூசிய ஊசி, மேலே பிளாஸ்டிக் மூடி போதும். சில பென்ஸ்தான் ஆகும்.