கருவிப் பெட்டிக்கு ஏற்ற மெத்தை எது?

பொருள்களை உடையாது கொண்டுசெல்லும் வித்தை நம்மவர்க்குப் புதியதன்று. மட்பாண்டத்தை வைக்கோலுக்குள்ளும், கண்ணாடிப் போத்தலைத் தும்புக்குள்ளும் பொதிந்து வண்டியேற்றியவர்கள் நம் பாட்டன்மார். இன்று அவற்றின் இடத்தை, 'போம்' என்றும் 'ஸ்பொஞ்ச்' என்றும் நாம் வழங்கும் நுரைமெத்தை பிடித்துக்கொண்டது. கமரா, நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி முதலிய நுண்கருவிகள் இம்மெத்தை இட்ட பெட்டிகளிலேயே பயணஞ் செய்கின்றன. ஆயினும், மெத்தையெல்லாம் ஒன்றே என எண்ணிக் கடையில் முதலிற் கண்டதை வாங்கி வெட்டி வைப்போர் பலர். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அம்மெத்தையே சில ஆண்டுகளிற் கருவிக்குப் பகையாகிவிடக் கூடும். அதுபற்றியே ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

மெத்தை எவ்வாறு காக்கின்றது? பௌதிகம் பயிலும் மாணவர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் கருவி, சீமெந்துத் தரையில் மோதி ஒரு மில்லிமீற்றர் தூரத்துள் நின்றுவிடுகின்றது எனக் கொள்வோம். அதன் சராசரி அமர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல் 1000 மடங்காகும். அதே கருவி மெத்தையில் 20 மில்லிமீற்றர் அமிழ்ந்து நிற்குமாயின் அது 50 மடங்காகக் குறைந்துவிடும். விழுந்த வேகம் ஒன்றே. நிற்பதற்குக் கிடைத்த தூரமே வேறு. எந்த மெத்தையும் தன் தடிப்பு முழுவதும் அமிழாது ஆதலின், 40 மில்லிமீற்றர்த் தடிப்பாவது வேண்டும். மிக மென்மையான மெத்தை, பாரமான கருவியின் கீழ் முன்னரே நசுங்கிக் கிடக்கும். மிக வன்மையானதோ இலேசான கருவிக்குப் பலகையையே ஒக்கும். தலையணைக்குள் இடும் ஸ்பொஞ்ச் நுணுக்குக்காட்டிக்கு உதவாமைக்குக் காரணம் இதுவே.

மலிவாகக் கிடைக்கும் ஸ்பொஞ்ச் பெரும்பாலும் பொலியூரத்தேன் என்னும் பொருளாகும். 1937 இல் ஜேர்மனியில் ஒற்றோ பேயரும் அவர்தம் குழுவினரும் கண்ட இரசாயனத்தின் வழிவந்தது. இதில் எசுத்தர் வகை, ஈதர் வகை என இரண்டுண்டு. எசுத்தர் வகையின் மூலக்கூற்றுத் தொடர்களைக் காற்றிலுள்ள நீராவியே மெல்ல மெல்ல அறுத்துவிடும். மெத்தை முதலில் மஞ்சளிக்கும், பின் பிசுபிசுக்கும், ஈற்றிற் பொடியாய் உதிரும். 1970களிலும் 1980களிலும் வந்த யப்பானியக் கமராக்களின் பின்கதவோரத்தில், ஒளி புகாதிருக்க ஒட்டிய கரிய நுரைப்பட்டி தார்போல் இளகிப்போவதைப் பழைய கமரா திருத்துவோர் நன்கறிவர். பெட்டிக்குள்ளும் நிகழ்வது அதுவே. நெடுங்காலம் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்து, வில்லைமீது கரும்பசை படிந்திருக்கக் கண்டு மனம் நொந்தவர்களை நாம் அறிவோம். இரண்டே நுணுக்குக்காட்டிகளை உடைய ஒரு கிராமப் பாடசாலையில் ஒன்று இவ்வாறு கெடுமாயின், அவ்வாண்டு உயர்தர மாணவரின் செய்முறைப் பயிற்சியிற் பாதி போயிற்று அன்றோ?

இறப்பர்ப்பால் மெத்தை நம் நாட்டுப் பொருள். 1876 இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட கன்றுகளோடு தொடங்கிய செல்வம் அது. குறைகூற மனம் வரவில்லை; படுக்கைக்கு அதற்கு நிகர் இல்லை. ஆயினும், இறப்பரை உரமாக்கச் சேர்க்கும் கந்தகத்தின் ஆவி வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். வெள்ளிப் பூண் உள்ள வாத்தியங்களுக்கு அதனை விலக்குக.

கருவிகளுக்கு நாம் விரும்புவது பொலிஎதிலீன் நுரையே. இதன் கண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை, நீரை உறிஞ்சா. நீராவியால் அறுபடுவதும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி, கணினி முதலியவற்றைச் சுற்றி வரும், வளைத்தால் முறியாத வெண்ணிற மெத்தைகளுட் பல இவ்வகையினவே. விற்பனைக் கடைகளிற் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவர். குப்பைக்குப் போகும் பொருளன்றோ! 'றெஜிபோம்' என நாம் அழைக்கும், நெரித்தால் மணிமணியாய் உதிரும் பொருள் வேறு. அது ஒருமுறை நசுங்கினால் மீளாது. ஒரு பயணத்துக்குப் போதும். சந்தேகமாயின் ஒரு துண்டை நீருள் அமிழ்த்திப் பிசைந்து பாருங்கள். நீரைக் குடித்துப் பாரமானால் அது திறந்த கண்ணறை மெத்தை.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். கருவியின் உருவைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றர் உட்புறமாக வெட்டினால், கருவி ஆடாது இருக்கும். நீண்ட மெல்லிய அலகுள்ள கத்தியால், அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். அழுத்தினால் ஓரம் சரிந்துவிடும். ஒரே தடித்த பாளத்தைக் குடைவதிலும், மெல்லிய தகடுகள் சிலவற்றைத் தனித்தனியே துளைத்து அடுக்குதல் எளிது. அடியில் ஒரு முழுத் தகடு இருத்தல் வேண்டும். பொலிஎதிலீனிற் சாதாரண பசை நன்றாகப் பிடியாது. பெட்டிக்கு இறுக்கமாக வெட்டிச் செருகுவதே நன்று. நுணுக்குக்காட்டியின் பாரம் அடித்தட்டிலும் புயத்திலும் தங்குமாறு குழியை அமைக்குக. குவியச் செய்யும் திருகுகள் மெத்தையைத் தொடலாகாது. பார்வில்லையைக் கழற்றி வேறொரு குழியில் வைப்பது உத்தமம்.

இத்தனையும் செய்த பின்னரும், மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கிற் கருவியை வைத்திருத்தல் தகாது. ஈரப்பதன் மிகுந்தால் வில்லையிற் பூஞ்சணம் படரும். பயணம் முடிந்ததும் கருவியை எடுத்துக் காற்றோட்டமுள்ள அலுமாரியில் வைத்து, பெட்டியையும் திறந்து வையுங்கள். வழியில் உதவச் சிலிக்கா ஜெல் சிறுபை ஒன்றை ஒரு மூலையில் இடலாம். மெத்தை இட்ட திகதியை மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதன் ஓரத்தை விரலால் உரசிப் பாருங்கள். விரலிற் பிசுக்கு ஒட்டுமாயின், அன்றே அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது இடுங்கள்.